ஸ்கேனில் குடல்வால் தெரியவில்லை என்றால் என்ன அர்த்தம்?

ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா கேட்டாள்: "ஏந் தம்பி, இவனுக்குக் குடல்வாலே இல்லையாமா?"

அவளுடைய பதினொரு வயது மகன் வலது பக்க அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சுருண்டு படுத்திருந்தான். ரிப்போர்ட்டில் 'அப்பெண்டிக்ஸ் நாட் விஷுவலைஸ்டு' என்று ஒரு வரி. அதற்குக் கீழே, 'ப்ரோப் டெண்டர்னஸ் பிளஸ்' என்று இன்னொரு வரி. முதல் வரியை அக்கா 'குடல்வால் இல்லை' என்று படித்தாள். மச்சானோ 'குடல்வாலில் ஒன்றும் இல்லை' என்று படித்துவிட்டு, வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பவே தயாராகிவிட்டார். இரண்டுமே தப்பு. 'தேடினேன், கண்ணில் படவில்லை' என்பதுதான் அந்த வரியின் பொருள். அடுத்த வரியை ரெண்டு பேருமே கண்டுகொள்ளவில்லை. விஷயமே அதில்தான் இருந்தது.

அந்த ரெண்டு வரிகளையும் சரியாகப் படிக்க வேண்டுமானால் உள்ளே என்ன நடக்கிறது, ஸ்கேன் கருவி எதைப் பார்க்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடம் வலது அடிவயிற்றில் இருக்கிறது. அங்கே பெருங்குடலின் ஆரம்பம் ஒரு பை மாதிரி இருக்கும். அந்தப் பையிலிருந்து மண்புழு போல நீண்டு கிடப்பதுதான் குடல்வால். ஒரு பக்கம் மட்டும்தான் திறப்பு. மறு நுனி மூடிய முட்டுச்சந்து. நீளம் சராசரியாக 8 முதல் 10 செ.மீ., கனம் வழக்கமாக ஒரு பென்சிலைவிடக் குறைவு. வேர் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே இடத்தில் இருக்கும். நுனி எங்கே கிடக்கும் என்பதற்குத்தான் கணக்கே கிடையாது. சிலருக்குக் கீழே இடுப்புக்குழிக்குள் தொங்கும், சிலருக்கு நடுவயிற்றை நோக்கித் திரும்பியிருக்கும், பலருக்கு அந்தக் குடல் பைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

குடல்வாலின் வாய் அடைபடுவதில்தான் பெரும்பாலும் பிரச்சினை ஆரம்பிக்கிறது. மலத்துணுக்கு கல்லாக இறுகி அடைக்கலாம். பிள்ளைகளுக்கு அங்குள்ள நிணத்திசு வீங்கி அடைக்கலாம். உள்ளே சுரக்கும் சளிக்கு வெளியே போக வழியில்லாமல் போகிறது. அழுத்தம் ஏறுகிறது. வந்த ரத்தம் திரும்பிப் போக முடியாமல் சுவர் வீங்குகிறது, கிருமிகள் பெருகுகின்றன. அப்படியே விட்டால் சுவர் அழுகி ஓட்டை விழும். வலி நகர்வதும் இந்தக் கதையின் பகுதிதான். குடலின் வலி முதலில் தொப்புளைச் சுற்றித்தான் தெரியும், இடம் சொல்லத் தெரியாத மந்தமான வலியாக. அழற்சி வயிற்றின் உள் உறையைத் தொட்ட பிறகு வலது அடிவயிற்றில் ஓர் இடத்தில் வந்து உட்காரும். "ராத்திரி தொப்புள்கிட்ட வலிச்சுது, காலைல இங்க வந்துருச்சு" என்று பையன் சொன்னதைக் கேட்டதுமே அறுவை மருத்துவர் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன்.

ஸ்கேன் வருவதற்கு முன்பு இந்த நோயைக் கண்டுபிடித்தது மருத்துவரின் காதும் கையும்தான். 1886இல் பாஸ்டனைச் சேர்ந்த ரெஜினால்டு ஃபிட்ஸ் இந்த நோய்க்கு 'அப்பெண்டிசைடிஸ்' என்று பெயர் வைத்தார். மூன்று வருடம் கழித்து நியூயார்க்கில் சார்லஸ் மெக்பர்னி, வலது இடுப்பெலும்பின் முன்முனைக்கும் தொப்புளுக்கும் கோடு போட்டு, அதில் எலும்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் அழுத்தினால்தான் வலி அதிகம் என்று காட்டினார். அந்தப் புள்ளி இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் கையை மட்டும் நம்பினால் ஒரு விலை உண்டு. வயிற்றைத் திறந்து பார்த்தால் குடல்வால் நன்றாகவே இருக்கும். நூற்றில் பதினைந்து, இருபது பேருக்கு அப்படி ஆவது ரொம்ப காலம் சகஜமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஓட்டை விழ விடுவதைவிட அது மேல் என்பதுதான் நியாயம். பெண்களிடம் இந்தத் தவறு இன்னும் அதிகம். சினைப்பையும் கருக்குழாயும் அதே பக்கத்தில் இருப்பதால், அங்கே எது கெட்டாலும் வலி ஒரே மாதிரிதான் வரும்.

சரி, அல்ட்ராசவுண்ட் என்கிற இந்த ஸ்கேன் என்ன செய்கிறது? நம் காதுக்கு எட்டும் ஒலியின் உச்ச வரம்பு நொடிக்கு 20,000 அதிர்வு. குடல்வால் பார்க்கப் பயன்படும் ப்ரோப், அதாவது கையில் பிடித்து வயிற்றில் வைக்கும் அந்தக் கருவி, நொடிக்கு ஏறத்தாழ 50 லட்சம் முதல் 1 கோடியே 20 லட்சம் வரை அதிரும் ஒலியை அனுப்பும். உடம்பின் மென்திசுக்களில் ஒலி நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் ஓடும். ஒரு திசு முடிந்து வேறு திசு தொடங்கும் எல்லையில் கொஞ்சம் ஒலி எதிரொலித்துத் திரும்பும். ஐந்து செ.மீ. ஆழத்திலிருந்து எதிரொலி வர 65 மைக்ரோ நொடி, அதாவது ஒரு நொடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் 65 பங்கு. போன ஒலி எவ்வளவு நேரத்தில் எவ்வளவு வலுவாகத் திரும்பியது என்று கணக்குப் போட்டு, திரையில் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக வைப்பதுதான் அந்தப் படம். எக்ஸ்-ரே போல இதில் கதிர்வீச்சு எதுவும் கிடையாது.

இந்த நுட்பம் மருத்துவத்துக்கு வந்த கதை எனக்குப் பிடித்தது. கிளாஸ்கோவில் மகப்பேறு மருத்துவராக இருந்த இயன் டொனால்டு, 1955இல் அறுவையில் எடுத்த கட்டிகளைக் கார் டிக்கியில் போட்டுக்கொண்டு ஒரு பாய்லர் தொழிற்சாலைக்குப் போனார். உலோகத்துக்குள் விரிசல் இருக்கிறதா என்று ஒலியால் பார்க்கும் கருவி அங்கே இருந்தது. நீர்க்கட்டி ஒரு மாதிரியும் கெட்டியான கட்டி வேறு மாதிரியும் எதிரொலி கொடுத்தன. 1958இல் அவரும் சகாக்களும் அதைக் கட்டுரையாக எழுதினார்கள்.

ஆனாலும் குடல்வால் மட்டும் இந்தக் கருவிக்குப் பல வருடம் அகப்படவில்லை. காரணம் காற்று. ஒலி காற்றில் மோதினால் ஏறக்குறைய முழுவதும் அப்படியே திரும்பிவிடும், அதற்குப் பின்னால் இருப்பது எதுவும் தெரியாது. வயிற்றில் அந்தக் குளுகுளு ஜெல்லைத் தடவுவதே ப்ரோப்புக்கும் தோலுக்கும் நடுவில் காற்று இல்லாமல் செய்யத்தான். வெளியே இருக்கும் காற்றுக்கு ஜெல் போதும். குடலுக்குள் இருக்கும் காற்றுக்கு?

அதற்கு 1986இல் நெதர்லாந்தின் கதிரியக்க மருத்துவர் ஜூலியன் பைலார்ட் சொன்ன வழி, கேட்டால் சப்பென்றிருக்கும்: அழுத்துங்கள். ப்ரோப்பையே கையாக வைத்து மெல்ல மெல்ல அழுத்தினால் நடுவில் கிடக்கும் குடலும் அதிலுள்ள காற்றும் விலகும், குடல்வாலுக்கும் ப்ரோப்புக்கும் இடையிலான தூரமும் குறையும். அவர் அப்படிப் பார்த்தது 60 பேரை. அவர்களில் அறுவையில் உறுதியான 28 நோயாளிகளில் 25 பேருக்கு வீங்கிய குடல்வாலைத் திரையிலேயே பார்க்க முடிந்தது. ஃபிட்ஸ் பெயர் வைத்து சரியாக நூறு வருடம். இன்று உலகம் முழுக்க வலது அடிவயிற்று வலிக்கு ஸ்கேன் செய்கிறவர்கள் பயன்படுத்துவது இந்த முறையைத்தான்.

அழுத்துவதால் இன்னொன்றும் தெரிந்துவிடுகிறது. காற்றுப் போன சைக்கிள் டியூபை விரலால் அமுக்கினால் தட்டையாகும், நன்றாகக் காற்றடித்த டியூப் அமுங்காது. நல்ல குடலும் நல்ல குடல்வாலும் முதல் வகை. உள்ளே அழுத்தம் ஏறி வீங்கிய குடல்வால் இரண்டாவது வகை. ஆகவே அழுத்தும்போது அமுங்குகிறதா என்பதே ஒரு பரிசோதனை. அழுத்தும் இடத்துக்கு நேர் கீழே குடல்வால் தெரியும்போது நோயாளி "அங்கதான்!" என்று துள்ளினால் அது இன்னொரு பரிசோதனை. குடல்வாலே தெரியாவிட்டாலும், ப்ரோப் அழுத்திய இடத்தில் வலி இருந்தால் அதையும் எழுதிவைப்பார்கள். எங்கள் ரிப்போர்ட்டின் இரண்டாவது வரி அதுதான்.

ஆகவே குடல்வால் ஸ்கேன் என்பது வெறும் படம் எடுக்கும் வேலை கிடையாது. மெக்பர்னியின் விரல் செய்த வேலையை, நுனியில் கண் வைத்த விரல் செய்கிறது என்று சொல்லலாம். இதனால்தான் ஒருவர் கையில் தெரியாதது இன்னொருவர் கையில் தெரிகிறது.

அன்று சாயங்காலம் நடந்தது அதுதான். மருத்துவர் பையனை வீட்டுக்கு விடவில்லை. ரத்தத்தில் வெள்ளணுக்கள் ஏறியிருந்தன, காய்ச்சல் லேசாக இருந்தது, காலையிலிருந்து சாப்பாட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இந்த மாதிரி அறிகுறிகளுக்கு மதிப்பெண் போட்டுப் பத்துக்கு எத்தனை என்று கூட்டும் 'ஆல்வராடோ ஸ்கோர்' ஒன்று உண்டு. அதுவும் 1986இல் வந்ததுதான். பையன் ஏழு மதிப்பெண்ணைத் தாண்டியிருந்தான். "மதிப்பெண் இவ்வளவு இருக்கும்போது 'தெரியவில்லை' என்பதை வைத்து நான் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். ஆறு மணி நேரம் பார்த்துட்டு மறுபடி ஸ்கேன் பண்ணலாம்" என்றார். அதுவரை வாய்வழி எதுவும் கொடுக்க வேண்டாம் என்றும் சொன்னார். அக்கா அதற்குள் விளக்கெண்ணெய் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். குடல்வால் சந்தேகம் இருக்கும்போது பேதி மருந்து கூடவே கூடாது. வீங்கி நிற்கும் குழாய் சீக்கிரம் ஓட்டை விழ அது வழிசெய்துவிடும்.

இரண்டாவது ஸ்கேனுக்கு நான்தான் உள்ளே போனேன். இருட்டறை, ஏ.சி. குளிர், சுவரில் 'கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது சட்டப்படி குற்றம்' என்ற பலகை. (வயிற்று வலிக்கு வந்தவர்கள் எல்லாரும் அதை ஒரு முறையாவது படித்திருப்போம். 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி ஸ்கேன் இருக்கும் இடமெல்லாம் பதிவாகியிருக்க வேண்டும். கருவியை நினைத்தபடி தூக்கிக்கொண்டு திரிய முடியாது.) மருத்துவர் அம்மா ஜெல் போடுவதற்கு முன்பே, "கண்ணு, எங்க ரொம்ப வலிக்குதோ அங்க ஒத்த விரல வெச்சுக் காட்டு" என்றார். அவன் காட்டிய இடம் நான் நினைத்ததைவிட வெளிப்பக்கமாக, இடுப்பெலும்புக்குச் சற்று மேலே இருந்தது.

முதலில் மல்லாக்கப் படுக்க வைத்துப் பார்த்தார். அவன் மூச்சு விடும்போதெல்லாம் கொஞ்சம் அழுத்தினார். மூச்சை இழுக்கும்போது அங்கேயே நிறுத்தினார். எடுக்கும்போதும் சட்டென்று எடுக்கவில்லை, விடுவதும் வலிக்கும் என்பதால். திரையில் அடியில் பட்டையாக ஒரு தசை, பக்கத்தில் துடிக்கும் கறுப்பு வட்டம் ஒன்று. அது காலுக்குப் போகும் ரத்தக்குழாயாம். அந்தத் தசையும் குழாயும் மேலே நெருங்கி வந்து தெரிந்தால்தான் போதுமான அளவு அழுத்தியிருக்கிறோம் என்று அர்த்தம். குடல்வால் அந்தத் தசையின் மேல்தான் பெரும்பாலும் குறுக்கே கிடக்கும். அங்கே இல்லை. நெளிந்து நெளிந்து ஓடும் சிறுகுடல்தான் தெரிந்தது. நெளிவதே அது குடல்வால் இல்லை என்பதற்குச் சாட்சி, குடல்வால் அப்படி அலைபாயாது.

அப்புறம் அவனை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்தார். குடல் பை கொஞ்சம் சரிந்து விலகியது. தன் இடது கையை அவன் முதுகுக்குப் பின்னால் கொடுத்து முன்பக்கமாகத் தள்ளினார், வலது கையில் ப்ரோப். ரெண்டு கைக்கும் நடுவில், குடல் பைக்குப் பின்னால், திரையில் ஒரு வட்டம் தெரிந்தது. வாழைத்தண்டைக் குறுக்கே வெட்டினால் தெரியுமே, வளையத்துக்குள் வளையம், அதே மாதிரி. நடுவில் கறுப்பாகச் சீழோ நீரோ, சுற்றி ஒரு வெள்ளை வளையம், அதற்கு வெளியே கறுப்பு வளையம். ப்ரோப்பைத் திருப்பியதும் வட்டம் நீண்டு ஒரு விரலாகி, ஒரு முனையில் மூடிக்கொண்டது. "முட்டுச்சந்து வந்துருச்சு பாருங்க" என்றார். அழுத்தினார், அமுங்கவில்லை. பையன் பல்லைக் கடித்தான். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை கோடு இழுத்தார்: 9 மி.மீ.

பொதுவாக 6 மி.மீ.க்கு மேல் போனால் சந்தேகம். ஆனால் இந்த எண்ணை மட்டும் பிடித்துக்கொள்ளக் கூடாது. மலமோ காற்றோ நிறைந்திருந்தால் நல்ல குடல்வாலும் 7 மி.மீ. காட்டும். 6க்கும் 8க்கும் நடுவில் வந்தால் மற்ற அடையாளங்கள்தான் பேச வேண்டும். சுற்றியுள்ள கொழுப்பு அப்படியொரு அடையாளம், என் பார்வையில் இருப்பதிலேயே அழகானதும் அதுதான். குடலுக்கு முன்னால் திரைச்சீலை போல ஒரு கொழுப்பு மடிப்பு தொங்குகிறது. அறுவை மருத்துவர்கள் அதை 'வயிற்றின் போலீஸ்காரர்' என்பார்கள். எங்கே அழற்சியோ அங்கே போய்ச் சுற்றி வளைத்துக்கொள்ளும். ஸ்கேனில் அந்தக் கொழுப்பு வீங்கி, அசையாமல், பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். குடல்வாலே கண்ணில் படாவிட்டாலும் வலது பக்கத்தில் மட்டும் இப்படி வெள்ளைக் கொழுப்பு தெரிந்தால், அனுபவமுள்ளவர்கள் விடாமல் தேடுவார்கள். உள்ளே கல் இருந்தால் அது வெள்ளைப் புள்ளியாகவும் அதற்குக் கீழே நிழல் பட்டையாகவும் தெரியும். கல்லில் மோதிய ஒலி கீழே போவதில்லை என்பதால் அந்த நிழல். ரத்த ஓட்டத்தைக் கலரில் காட்டும் 'கலர் டாப்ளர்' வசதியைப் போட்டால் வீங்கிய சுவரில் ஓட்டம் கூடியிருப்பது தெரியும். ஆனால் சுவர் அழுக ஆரம்பித்துவிட்டால் அங்கே ஓட்டம் நின்றுவிடும், கலரும் வராது. கலர் இல்லை என்று சந்தோஷப்பட முடியாது.

இன்னொரு ஏமாற்று வேலையும் உண்டு. குடல்வால் ஓட்டை விழுந்தால் உள்ளே இருந்த அழுத்தம் இறங்கிவிடும். வலி திடீரென்று குறைந்த மாதிரி இருக்கும். ஸ்கேனிலும் அது சுருங்கிப்போய், முன்பைவிடக் கண்டுபிடிக்கக் கஷ்டமாகிவிடும். சுற்றி நீரோ சீழ்க்கட்டியோதான் தெரியும். மணிக்கணக்கில் துடித்த பிள்ளை மருந்து எதுவும் இல்லாமல் திடீரென்று "வலி போச்சு" என்றால் நிம்மதி அடையாமல் மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

ஆக, ரிப்போர்ட்டில் வருவது மூன்று விதம். நோயுள்ள குடல்வால் தெரிந்தது என்றால் சந்தேகம் ஏறக்குறைய தீர்ந்தது. வேரிலிருந்து நுனிவரை முழுவதும் தெரிந்தது, அமுங்குகிறது, நன்றாக இருக்கிறது என்றால் அது நிஜமான நல்ல செய்தி. 'நுனிவரை' என்பது முக்கியம், சிலருக்கு நுனியில் மட்டும்தான் அழற்சி இருக்கும். 'தெரியவில்லை' என்றால் கேள்வி தீரவில்லை, அவ்வளவுதான். நோயில்லாத பெரியவர்களில் பலருக்கும் இந்த வரி வரும், நல்ல குடல்வால் ஒல்லியாக எங்காவது மறைந்து கிடப்பதால். உடல் பருமன், வயிறு முழுக்க காற்று, பின்னால் ஒளிந்த குடல்வால், தொட விடாத வலி எல்லாம் சேர்ந்து அதே வரியைத்தான் கொண்டுவரும். மருத்துவர் அதை நோயாளியின் கதையோடு சேர்த்துத்தான் படிப்பார். வலி குறைந்து, ரத்தப் பரிசோதனை சரியாக, பசி எடுத்திருந்தால் அந்த வரி அவரை அவ்வளவாகப் பயமுறுத்தாது. எங்கள் பையன் மாதிரி என்றால் மறுபடி ஸ்கேன், இல்லாவிட்டால் சி.டி. ஸ்கேன்.

சி.டி. இந்த விஷயத்தில் அல்ட்ராசவுண்டைவிடத் துல்லியமானது, கை மாறினாலும் முடிவு அதிகம் மாறாது. அப்படியானால் எல்லாருக்கும் நேரே சி.டி. எடுத்துவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். அதில் கதிர்வீச்சு இருக்கிறது. வளரும் பிள்ளைகளுக்கு அதைத் தவிர்க்க முடிந்தால் நல்லது. பிள்ளைகள் ஒல்லியாக இருப்பதால் அல்ட்ராசவுண்டும் அவர்களிடம்தான் நன்றாக வேலை செய்யும். கர்ப்பிணிகளுக்கும் முதலில் அல்ட்ராசவுண்ட்தான். கருப்பை வளர வளரக் குடல்வாலை மேலே தள்ளிவிடுவதால் தேடுவது சிரமம். தெரியாவிட்டால் எம்.ஆர்.ஐ. பக்கம் போவார்கள்.

தேடும் வழியில் வேறு ஏதாவது அகப்படுவதும் உண்டு, அதுவும் இந்த ஸ்கேனின் லாபம்தான். சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம், கருக்குழாயில் கரு தங்கியிருக்கலாம், சிறுநீர்க் குழாயில் கல் இறங்கிக்கொண்டிருக்கலாம், பிள்ளைகளுக்குக் குடல் ஓரத்து நெறிகட்டிகள் வீங்கியிருக்கலாம். நம் ஊரில் டைபாய்டும் குடல் காசநோயும் சிறுகுடலின் கடைசிப் பகுதியைத் தடிக்க வைத்து இதே வலியைக் கொடுக்கும். பெண்களுக்குச் சினைப்பை பார்க்க 'தண்ணி நிறையக் குடிச்சிட்டு வாங்க' என்பார்கள். அறுவை வரலாம் என்ற நிலையில் மருத்துவரைக் கேட்காமல் நாமாகவே லிட்டர் கணக்கில் குடிக்கக் கூடாது. சிறுநீர்ப்பை முட்டிக்கொண்டிருந்தால் குடல்வாலுக்காக அழுத்துவதும் கஷ்டம்.

கல் இருக்கிறதா என்பதற்கு இப்போது கூடுதல் மதிப்பு வந்திருக்கிறது. அறுவை இல்லாமல் ஆண்டிபயாடிக் மட்டும் கொடுத்துப் பார்க்கலாமா என்று அமெரிக்காவில் 1,552 பெரியவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்து 2020இல் முடிவு வந்தது. மருந்து மட்டும் எடுத்தவர்களில் பத்தில் மூன்று பேருக்கு 90 நாளுக்குள் அறுவை தேவைப்பட்டது. கல் இருந்தவர்களுக்குச் சிக்கல் கூடுதல். எங்கள் பையனுக்குக் கல் இருந்தது. ராத்திரி பத்தரை மணிக்கு லேப்ராஸ்கோப்பியில், அதாவது சின்னத் துளைகள் வழியாகச் செய்யும் அறுவையில், குடல்வாலை எடுத்துவிட்டார்கள், மூன்றாம் நாள் வீட்டில் இட்லி சாப்பிட்டான்.

போன வருடம் வேறு ஏதோ வயிற்று வலி என்று அவனுக்கு மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். முன்பு நடந்த ஆபரேஷனைப் பற்றி யாரும் அங்கே சொல்லவில்லை. அக்கா ரிப்போர்ட்டைப் பிரித்து, அந்தப் பழைய வரி அப்படியே இருப்பதைப் பார்த்துவிட்டு எனக்கு ஃபோன் போட்டாள். "தம்பி, இந்தத் தடவை சரியாத்தான் எழுதியிருக்காங்க."